ரெண்டு புள்ளி

ஒரு நிமிஷம் தாயி, எண்டரைத் தட்டிராத. ரெண்டு புள்ளி வச்சிட்டியான்னு ஒரு தடவை பாத்துக்க. எங்க, காட்டு. ஆமா, வச்சிருக்க. சரி, இப்பத் தட்டு.

தப்பா எடுத்துக்காத. அடுத்த சீட்டுக்காரி எட்டி எட்டிப் பாக்குறாளேன்னு நினைக்காத. மதுரையில ஏறுனதுலேர்ந்து நான் சன்னலைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமா நீ அடிக்கவும் கண்ணு தானா அங்க போயிருச்சு. எஸ்.சி.பி.தானே அது? இந்த ஊர்ல இருக்கிற பைலை அந்த ஊர் கம்ப்யூட்டர்ல கொண்டுபோய் வைக்கிற வேலை. சிரிக்காத, எனக்கு நல்லாவே தெரியும். எங்க வீட்டுல அடுப்பு எரியுறதும் அதாலதான், இப்ப நான் மெட்ராஸ் போறதும் அதாலதான்.

சண்டை போடவெல்லாம் போகலை. சமாதானம் பேசவும் போகலை. ஒரு புஸ்தகத்துல ஒரு அத்தியாயம், அது இப்படியா அப்படியான்னு ஒரு முடிவு பண்ணணும். அதுக்கு மட்டுந்தான் போறேன். மத்தபடி எனக்கு அங்க ஒரு சோலியும் கிடையாது.

என் பேரு செண்பகவல்லி. ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழ் டைப் அடிப்பேன். எழுத்தாளருங்க கையால கிறுக்கிக் குடுக்கிறதை நான் அடிப்பேன், எங்க வீட்டுக்காரர் பிழை திருத்துவாக. மெட்ராஸ்ல ஒரு பதிப்பகத்துக்கு நாங்கதான் வேலை பாக்குறோம். ரெண்டு மேசையை எதிரும் புதிருமாப் போட்டுக்கிட்டு, நான் அடிக்க அடிக்க அவுக திருத்துவாக. கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே கதைதான். ஊருல மத்த புருஷன் பொண்டாட்டி உப்பு உறைப்புக்குச் சண்டை போடுவாக, நாங்க எழுத்துக்குப் போடுவோம்.

முன்னால எல்லாம் மெயில்லதான் அனுப்பிக்கிட்டு இருந்தோம். ஒரு தடவை ஒரு நாவல் வெளிவர்றதுக்கு முந்தியே எவன் போனைப் பாத்தாலும் அது கிடந்துச்சு. பதிப்பகத்துக்காரருக்கு வந்துச்சே கோவம். இனிமே மெயிலும் கிடையாது, வாட்ஸப்பும் கிடையாது, எல்லாம் இந்தக் கறுப்புத் திரை வழியாத்தான்னுட்டாரு. இது வழியில எவனும் பிரிச்சுப் பாக்க முடியாதபடி பூட்டிக் கொண்டுபோகுமாமே. அந்த ஆபீஸ்ல எஸ்தர்னு ஒரு பொண்ணு கம்ப்யூட்டரை எல்லாம் கவனிச்சுக்கிறா. அவதான் போன்லயே எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிக் குடுத்தா. நான் பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

முதல்ல எதை அனுப்பணும்னு அடிக்கணும். அப்புறம் ஆள் பேரு. அப்புறம் எந்த மெஷினு. முதத் தடவை போனப்போ, இந்த மெஷினை எனக்குத் தெரியாதே, நம்பலாமான்னு கேட்டுச்சு. அவுக சும்மா 'ஒய்'னு ஒரு எழுத்தை அடிச்சாக. அது ஒத்துக்கலை. யெஸ்ஸுன்னு முழுசா அடின்னுச்சு. பொண்ணு பாக்க வந்த வீட்டுல தலையை ஆட்டுனா பத்தாது, வாயைத் திறந்து சொல்லுன்னு கேப்பாகல்ல, அது மாதிரி. ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் அந்தப் பேச்சே எடுக்காது. பாஸ்வேர்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் கேக்கும். அடிக்கிறப்ப நட்சத்திரம் கூட விழாது, நம்ம விரலு போனது போகாதது ஒண்ணும் தெரியாது. என்ன பாஸ்வேர்டுன்னு கேக்காத, சொல்லக் கூடாது. அதுல என் பேரு இருக்குன்னு மட்டும் வச்சுக்க.

அந்த ஆள் பேரு இருக்கே, அதுதான் எனக்கு வம்பு. ஆபீஸ்ல எங்க கணக்கு அவுக பேருலதான். நான் எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டேன். படிச்ச பொம்பளை இப்படிப் பண்ணலாமான்னு நீயும் கேப்ப, எல்லாரும் கேட்டாச்சு. எங்க அம்மா சொல்லலை, நானும் சொல்லலை, அவ்வளவுதான். பண்பொழி மலை மேல இருக்கிற சாமி பேரு. முதல்ல பாதி திருமலை. அது ஊர்ப் பேரு, சொல்லலாம், குத்தமில்லை. அடுத்த பாதி குமார். அது எந்தக் குமாரோ. சேத்துச் சொல்றப்பதான் நடுவுல ஒரு 'க்' வரும், அதை நீயே போட்டுக்க.

இந்த 'க்'குலதான் தாயி எல்லாமே.

ஒரு சமையல் புஸ்தகம் வந்துச்சு. குழம்பு அத்தியாயம். நான் 'மிளகு குழம்பு'ன்னு அடிச்சிருந்தேன். அவுக 'மிளகுக் குழம்பு'ன்னு திருத்துனாக. பூண்டுக் குழம்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வெங்காயச் சாம்பார், எல்லாத்துலயும் கொண்டுபோய் ஒண்ணைச் செருகிட்டாக. நான் சொன்னேன், மிளகுத்தூள்னு சொல்றப்ப வாயில 'த்' வருது, அங்க போடுங்க, வேண்டாங்கலை. மிளகு குழம்புன்னு சொல்றப்ப யார் வாயில 'க்' வருது? சமையல் புஸ்தகத்தைப் படிக்கிறவ புலவர் பட்டம் வாங்கப் போறாளா, குழம்பு வைக்கப் போறாளா? அவுக இலக்கணப்படி வரணும்னாக. நான் வராதுன்னேன். அவுக வரும்னாக.

புஸ்தகத்துல அதை ஒற்றுன்னு எழுதுவோம், வாயில ஒத்துன்னுதானே சொல்றோம். நான் மேசையைத் தட்டி, "இங்க ஒத்து வராதுங்க, ஒத்தே வராது"ன்னு சொன்னேன்.

அவுக பேனாவை மூடி வச்சாக. "இது தெரிய இத்தனை வருஷம் ஆச்சா உனக்கு"ன்னாக.

நான் எழுத்தைச் சொன்னேன் தாயி. சத்தியமா எழுத்தைத்தான் சொன்னேன். கொஞ்சம் உரக்கச் சொல்லியிருப்பேன். அன்னிக்குக் காலையிலேர்ந்து வேற நாலஞ்சு விஷயத்துக்கும் எரிச்சல் இருந்துச்சு, அதுவும் சேந்து வந்திருக்கும். அதுக்காக ஒரு மனுஷன், அதுவும் ஒத்தைப் புள்ளிக்குப் பக்கம் பக்கமா விளக்கம் குடுக்கிற மனுஷன், ஒரு வார்த்தைக்கு எது அர்த்தம்னு திருப்பிக் கேக்க வேண்டாமா? கேக்கலை. பதிப்பகத்துல ரொம்ப நாளா, யாராச்சும் ஒருத்தர் ஆபீஸுல வந்து உக்காருங்கன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாக. மறுநாளே பையைத் தூக்கிட்டு அங்க கிளம்பிட்டாக.

போனவுக போன் பண்ணலை. அவுக பண்ணாம நான் ஏன் பண்ணணும்? எனக்கு ஒண்ணும் கோவம் கிடையாது. பண்ண வேண்டியது யாரோ அவுக பண்ணட்டும்னு இருந்தேன், அவ்வளவுதான்.

ஆனா வேலை நடக்கணும்ல. நான் அடிக்கிறதை அவுக கம்ப்யூட்டர்ல கொண்டுபோய் வைக்கணும், அவுக திருத்தி வச்சதை நான் இங்க இழுத்துக்கணும். இழுக்கிறதும் அதே கட்டளைதான், முன்னுக்குப் பின் மாத்திப் போடணும். பேரு அடிக்கணுமேன்னு பயந்தேன். நல்லவேளை, அவுக கிளம்புறப்ப அந்தக் கறுப்புத் திரையை மூடாமலே போயிருந்தாக. மேல் அம்புக்குறியைத் தட்டுனா அவுக கடைசியா அடிச்ச வரி அப்படியே வந்து நிக்கும். அவுக கையால அடிச்ச அவுக பேரு. நான் முன்னால இருக்கிற அத்தியாயத்தை மட்டும் மாத்துவேன். அதனால அந்தத் திரையை நான் மூடுறதே இல்லை. கூட்டுறப்போ பெருக்குறப்போ கூட அந்த மேசைப் பக்கம் பாத்துத்தான் போவேன்.

இப்படியே பொரியல், கூட்டு, ரசம், துவையல் எல்லாம் போச்சு, வந்துச்சு. நான் 'வாழைப்பூ'வுல வேணும்னே ஒரு பிழை விடுவேன், அவுக திருத்தி அனுப்புவாக. ஆள் இருக்காகன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு. ஊறுகாய் வரைக்கும் முடிஞ்சிருச்சு. குழம்பு மட்டும் நின்னுச்சு. அதை அவுகளும் கேக்கலை, நானும் தொடலை.

அப்புறம் ஒரு நாள் காலையில காப்பி போட்டேன். ஒரு டம்ளர் போதும், ரெண்டு டம்ளர் ஊத்திட்டேன். அந்த ரெண்டாவது டம்ளரைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு. சீ, போ, ஒரு 'க்'குக்கா இவ்வளவுன்னு தோணிருச்சு. உக்காந்து குழம்பு அத்தியாயம் முழுக்க அவுக சொன்ன மாதிரியே போட்டேன். மிளகுக் குழம்பு. பூண்டுக் குழம்பு. வெங்காயச் சாம்பார். ஒண்ணு விடலை. என் வாழ்க்கையில நான் யாருக்கும் அவ்வளவு விட்டுக்குடுத்தது கிடையாது. அதைச் சேவ் பண்ணிட்டு அனுப்பலாம்னு பாக்குறேன், கரண்டு போயிருச்சு.

கரண்டு வந்து மெஷினைப் போட்டா, கறுப்புத் திரை துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. மேல் அம்புக்குறியைத் தட்டுறேன், தட்டுறேன், ஒண்ணும் வரலை. அவுக அடிச்சு வச்ச வரி போயே போச்சு.

வேற வழியில்லை. கதவைச் சாத்திக்கிட்டேன். வீட்டுல யாரும் இல்லை, இருந்தாலும் சாத்தினேன். திரையில முதல்ல குழம்பு பைலோட பேரை அடிச்சேன். அப்புறம் அவுக பேரை அடிச்சேன். முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும், இங்கிலீஷ்ல.  முகமெல்லாம் சூடாயிருச்சு. அதுல ஒண்ணு கவனிச்சேன் தாயி, இங்கிலீஷ்ல அவுக பேருல ஒரே ஒரு 'கே'தான் இருக்கு. ஊர்ல எல்லாருக்கும் ஒத்துப் போடுறவுக தன் பேருல விட்டுட்டாகளேன்னு சிரிப்பும் வந்துச்சு. அந்தச் சிரிப்போடயே மெஷின் பேரையும் அடிச்சு, எண்டரைத் தட்டிட்டேன்.

சட்டுனு போயிருச்சு. பாஸ்வேர்டு கூடக் கேக்கலை.

எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாளா அவுக அடிச்ச வரியை இரவல் வாங்கி அடிச்சோம், பாஸ்வேர்டு கேட்டுச்சு. இன்னிக்கு நானே என் கையால அவுக பேரை அடிச்சேன், உன்னைத் தெரியாதா, போன்னு விட்டுருச்சுன்னு நினைச்சேன். பைத்தியக்காரி மாதிரி அந்த மேசைக்குப் பொட்டு வைக்காத குறைதான்.

அன்னிக்குப் போன் வரும்னு பாத்தேன். வரலை. சரி, வேலையா இருப்பாக. மறுநாளும் வரலை. அந்த வாரமே வரலை. இவ்வளவு இறங்கி வந்தவளுக்கு, சரி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்புறம் எனக்கும் வைராக்கியம் வந்துருச்சு. அவுக திருத்தி வச்ச எதையும் நான் இழுக்கவே இல்லை. அந்த மெஷினைத் துணி போட்டு மூடிட்டேன்.

நேத்துக் காலையில எஸ்தர் போன் பண்ணுறா. அம்மா, கடைசி வரைக்கும் நீங்க குழம்பை அனுப்பவே இல்லையேங்கிறா. அனுப்பியாச்சேன்னேன். வரலைம்மாங்கிறா. சார் வாங்கி ஒளிச்சு வச்சிருப்பாரு, அவரைக் கேளுன்னேன். எனக்கு வாய் சும்மா இருக்குமா, நாலு வார்த்தை கூடவே சொன்னேன். அந்தப் பொண்ணு பொறுமைசாலி. சரிம்மா, உங்க கம்ப்யூட்டர்ல என்னென்ன பைல் இருக்குன்னு பட்டியல் போட்டு ஒவ்வொண்ணா வாசிங்கன்னா. வாசிச்சேன். பொரியல். கூட்டு. ரசம். குழம்பு. துவையல். அடுத்ததைப் பாத்ததும் வாயை மூடிட்டேன்.

"அடுத்து என்னம்மா?"ன்னா.

ஒரு பேரு இருக்குன்னேன். என்ன பேருன்னா. அதைச் சொல்ல முடியாதுன்னேன். அவ பயந்துட்டா. வைரஸாம்மா, எதையும் தொடாதீங்க, வயரைப் பிடுங்கிருங்கங்கிறா. இல்லம்மா, வீட்டுக்காரருன்னேன்.

 அதுக்கு அவ சிரிச்சா பாரு, எனக்குக் கோவமே வந்துருச்சு. விஷயம் இவ்வளவுதான். மெஷின் பேருக்குப் பின்னால ரெண்டு புள்ளி வைக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு. அதை வச்சாத்தான் இது வேற ஊரு, அங்க கொண்டுபோகணும்னு அதுக்குப் புரியும். வைக்கலைன்னா, இதுவும் ஒரு பைல் பேரு போலன்னு நினைச்சு, அந்தப் பேருலயே நம்ம வீட்டுக்குள்ளயே ஒரு நகல் எடுத்து வச்சிரும். வெளியில போகவே இல்லையே, அப்புறம் எதுக்குப் பாஸ்வேர்டு கேக்கப் போகுது? அவுக பேரை அடிச்ச வெக்கத்துல நான் புள்ளியை விட்டுட்டேன். என் சமாதானம் எங்கேயும் போகலை. அவுக பேருலயே எங்க வீட்டுக்குள்ள உக்காந்துருக்கு.

சரி, புள்ளி வச்சு இப்ப அனுப்புறேன்னேன். அப்பத்தான் அவ சொல்றா. வேண்டாம்மா, நீங்க அனுப்ப மாட்டீங்கன்னு சாரே உக்காந்து அந்த அத்தியாயத்தை அடிச்சு வச்சிட்டாரு. இன்னொண்ணும் சொன்னா. சார் இங்கேயே நிரந்தரமாத் தங்கப் போறாரும்மா, வீட்டுலேர்ந்துதான் ஒரு தகவலும் இல்லையேன்னாரு, மாம்பலத்துல ஒரு ரூம் பாத்திருக்காரு, நாளைக்குச் சாயங்காலம் அட்வான்ஸ் குடுக்கப் போறாருன்னா.

போனை வச்சதும் அவுக அடிச்ச அத்தியாயத்தை இழுத்தேன். புள்ளி வச்சுத்தான். என் குழம்பு மேலயே வந்து விழுந்துராம இருக்க, மெனக்கெட்டு வேற பேரு குடுத்து இழுத்தேன். திறந்து பாத்தா, அய்யோ, அவ்வளவு பிழை. அவுக திருத்துற ஆளே தவிர அடிக்கிற ஆள் இல்லை. ஒத்தை விரல்ல ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிக்கணும். கொத்தமல்லி எல்லாம் கொத்துமல்லியாயிருக்கு, புளி எல்லாம் புலியாயிருக்கு. அதைக் கூடத் திருத்தலை. ஆனா தலையிலேர்ந்து கால் வரைக்கும் தேடிட்டேன். மிளகு குழம்பு. பூண்டு குழம்பு. வெங்காய சாம்பார். ஒரு இடத்துல கூட ஒத்து இல்லை. நான் சொன்ன மாதிரியே எல்லாத்தையும் எடுத்துட்டாக.

அவுக அதை அங்க வச்சுட்டு, நான் இழுப்பேன், பாப்பேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்காக. நான் துணி போட்டு மூடி வச்சிருக்கேன்.

எஸ்தர்கிட்டச் சொல்லி இருக்கலாமே, நான் அடிச்சதை இப்ப அனுப்பியிருக்கலாமேன்னு கேக்குற. அனுப்பலாம். ஆனா உனக்குத் தெரியுமே, அங்க அதே பேருல ஒண்ணு இருந்தா இந்தக் கட்டளை கேக்குமா? மூச்சு விடாது, மேலயே எழுதிட்டுப் போயிரும். என்னோடது போனா அவுக ஒத்தை விரல்ல அடிச்சது அழிஞ்சுரும். அதை அழிக்க எனக்கு மனசு வரலை. வேற பேரு குடுத்து அனுப்பலாமேங்கிறியா, அது எனக்குத் தோணலைன்னே வச்சுக்க. அதான் ரெண்டையும் பென்டிரைவ்ல எடுத்துக்கிட்டு நேர்லயே கிளம்பிட்டேன். ரெண்டுல எது அச்சுக்குப் போறதுன்னு முடிவு பண்ணணும். ஒத்துப் போட்டதுதான் போகணும்னு நான் சொல்லப் போறேன். அவுக போடாததுதான்னு நிப்பாக, நிக்கட்டும். நான்தான் முதல்ல விட்டுக்குடுத்தேன், என் பைல்ல தேதி இருக்கு, எடுத்துக் காட்டுவேன். அதுக்குத்தான் போறேன். ரூம் பாக்குறதும் பாக்காததும் அவுக இஷ்டம்.

இரு தாயி, போன் அடிக்குது. யாரு இது. அவுக நம்பரு.

ஹலோ. ம். ம். எஸ்தர் சொல்லிட்டாளா. ஆமா, புள்ளிதான். வைக்கலை. சிரிக்காதீங்க. ரயில்ல. ஆமா, ரயில்லதான், விழுப்புரம் தாண்டியாச்சு. எதுக்கா? அத்தியாயத்துக்குத்தான், அதுல எது போறதுன்னு... புளியை எல்லாம் புலின்னு அடிச்சு வச்சிருக்கீகளே, அதை யாரு திருத்துறது?

இல்லை. அதுக்கு இல்லை. இந்தாங்க, கேளுங்க. அத்தியாயத்துக்கு ஒண்ணும் வரலை. உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வர்றேன். அந்த ரூம் வேண்டாம்னு சொல்லிருங்க. நீங்க இல்லாம என்னால இருக்க முடியலை. ஹலோ. ஹலோ. கேக்குதா?

போயிருச்சு தாயி. போன்ல சிக்னல் கோடே இல்லை. இந்த ரயில்ல எப்பவுமே இப்படித்தானா? நான் சொன்னது போயிருக்குமா? எங்கிட்டு வரைக்கும் போயிருக்கும்? நீ படிச்சவ, சொல்லு. புலி வரைக்கும் கேட்டிருந்தா அவ்வளவுதான், நான் சண்டைக்கு வர்றேன்னே நினைச்சுக்குவாக, நேரா மாம்பலம் போய் அட்வான்ஸைக் குடுத்துருவாக. அங்கிட்டுப் போய்ச் சேந்துச்சான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?

இரு. அடிக்குது. அவுகதான்.

ஹலோ. ம்.

ம்.

கேட்டுச்சாம் தாயி.